எடை கூடியதெல்லாம் ஒட்டு ஆகுமா? (ஸ்டார்ச் மேல் பாலிஅக்ரிலமைடு)

கஞ்சித்தொட்டி | ஜூலை 6, இரவு 9.40

ஸ்டார்ச் மூலக்கூறின் மேல் பாலிஅக்ரிலமைடு சங்கிலிகளை ஒட்டவைக்க (கிராஃப்டிங்) பார்த்தேன். மக்காச்சோள ஸ்டார்ச் 10 கிராம், தண்ணீர் 150 மி.லி. 85 டிகிரியில் அரை மணி நேரம் கூழாக்கி, 70-க்கு இறக்கினேன். பாலிமரின் மூல அலகான (மோனோமர்) அக்ரிலமைடு 15 கிராம், வினையைத் தொடங்கிவைக்க பொட்டாசியம் பர்சல்ஃபேட் 0.3 கிராம் போட்டு மூன்று மணி நேரம் கலக்கினேன். அசிட்டோனில் ஊற்றி வீழ்படிவாக்கி, 60 டிகிரியில் ஒரு ராத்திரி உலர்த்தினேன். கிடைத்தது 24 கிராம். 10 கிராம் 24 ஆகியிருக்கிறது, அதாவது 140 சதவீதம் கிராஃப்டிங். எஃப்.டி.ஐ.ஆர். அகச்சிவப்பு நிறமாலையிலும் 1660 பக்கம் அமைடு பட்டை தெளிவாக இருக்கிறது. இவ்வளவு வரும்போது பர்சல்ஃபேட்டுக்குப் பதிலாக சீரிக் அமோனியம் நைட்ரேட்டை ஏன் எல்லோரும் பிடித்துத் தொங்குகிறார்கள்?

சீரியம்58 | ஜூலை 6, இரவு 10.25

கணக்கு உதைக்கிறது. ஸ்டார்ச்சை பையிலிருந்து அப்படியே எடுத்து நிறுத்தீர்களா? அதில் 10 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கும். 12 என்று வைத்தால் உலர் ஸ்டார்ச் 8.8 கிராம்தான். 24-இல் 8.8 போனால் 15.2. நீங்கள் போட்ட மோனோமரே 15 கிராம். போட்டதை விடக் கூடுதலாக பாலிமர் வர வழியில்லை.

மிச்சம் தண்ணீரும் அசிட்டோனும்தான். பாலிஅக்ரிலமைடு ஈரத்தை லேசில் விடாது. மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் சிறைப்படும். கட்டியைப் பொடித்து, வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் வையுங்கள். இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக வரும் வரை விடாதீர்கள்.

சீரியம்58 | ஜூலை 6, இரவு 10.50

எஃப்.டி.ஐ.ஆர். பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. ஸ்டார்ச்சில் கட்டுண்ட தண்ணீரின் பட்டை 1640-ஐ ஒட்டி வரும். அமைடு பட்டை 1660. ஈரமான மாதிரியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். அதை விடுங்கள், உலர்ந்த மாதிரியே ஆனாலும் ஸ்டார்ச்சையும் பாலிஅக்ரிலமைடையும் வெறுமனே கலந்து எடுத்தால் இதே படம்தான் வரும். இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கின்றன என்பதற்கு சாட்சி இல்லை.

பசைவாளி | ஜூலை 7, காலை 7.15

எண்களைப் போடும்போது எந்த எண் என்று சொல்லிப் போடுங்கள். இந்த இலக்கியத்தில் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

கிராஃப்டிங் சதவீதம்: ஒட்டிய பாலிமர் ÷ உலர் ஸ்டார்ச்.
ஆட்-ஆன்: ஒட்டிய பாலிமர் ÷ ஒட்டுப்பொருளின் மொத்த எடை.
எஃபிஷியன்சி: ஒட்டிய பாலிமர் ÷ உண்டான மொத்த பாலிமர்.
கன்வர்ஷன்: உண்டான மொத்த பாலிமர் ÷ போட்ட மோனோமர்.

கிராஃப்டிங் சதவீதம் 100 என்றால் ஆட்-ஆன் 50. ஒரே பொருள்தான், பார்வைக்கு ஒன்று இரட்டிப்பாகத் தெரியும். நீங்கள் சொன்ன 140 இந்த நான்கில் எதுவுமே இல்லை.

சீரியம்58 | ஜூலை 7, காலை 11.30

பர்சல்ஃபேட் ஏன் ஏமாற்றுகிறது என்றால், சூட்டில் அது உடைந்து சல்ஃபேட் ரேடிக்கல் (இணையில்லா எலக்ட்ரானோடு, எதையும் தாக்கத் துடிக்கும் துண்டு) வருகிறது. அந்த ரேடிக்கலுக்கு ஸ்டார்ச்சும் ஒன்றுதான், தண்ணீரில் மிதக்கும் மோனோமரும் ஒன்றுதான். ஸ்டார்ச்சிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கினால் அங்கே ஒட்டு தொடங்கும். மோனோமரைத் தொட்டால் தனிச் சங்கிலி, அதாவது ஹோமோபாலிமர். 15 கிராம் அக்ரிலமைடு மொத்தமாகக் கரைந்து கிடக்கும்போது இரண்டாவதற்கு வாய்ப்பு அதிகம்.

சீரிக் அயனி வேறு மாதிரி. குளுக்கோஸ் அலகின் இரண்டாம், மூன்றாம் கார்பன்களில் அடுத்தடுத்து நிற்கும் ஹைட்ராக்சில்களோடு அது முதலில் பிணைப்பு போடும். பிறகு அந்தக் கார்பன்களுக்கு நடுவிலுள்ள பிணைப்பு அறுந்து, ஒரு பக்கம் ஆல்டிஹைடும் மறுபக்கம் ரேடிக்கலும் ஆகும். ரேடிக்கல் பிறக்கும் இடமே ஸ்டார்ச்சின் முதுகு. மினோவும் கைசர்மனும் 1958-ல் காட்டிய வழி இது. அறை வெப்பத்திலேயே நடக்கும், ஹோமோபாலிமர் குறைவு.

பர்சல்ஃபேட்டையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் மோனோமரை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். முதலில் ஸ்டார்ச் கூழில் பர்சல்ஃபேட்டைப் போட்டு பத்து நிமிடம் விட்டு, பிறகு மோனோமர் கரைசலை முக்கால் மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

கஞ்சித்தொட்டி | ஜூலை 7, இரவு 8.05

பொடித்து உலர்த்தினேன். 21.9 கிராமில் எடை நின்றுவிட்டது. ஸ்டார்ச்சின் ஈரம் அளந்தேன், 12 சதவீதமேதான். அப்படியானால் பாலிமர் 13.1 கிராம், கன்வர்ஷன் 87. ஹோமோபாலிமரை எதில் எடுப்பது? தண்ணீரில் எல்லாமே கரைந்து கொழகொழவென்று ஆகிவிடுகிறது.

சீரியம்58 | ஜூலை 7, இரவு 9.20

அக்ரிலமைடில் வரும் தலைவலி இது. மற்றவை சுலபம்: பாலிஅக்ரிலோநைட்ரைலுக்கு டைமெத்தில் ஃபார்மமைடு, பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டுக்கு அசிட்டோன், பாலிஸ்டைரினுக்கு டொலுயீன். ஸ்டார்ச் அசையாமல் நிற்கும், ஹோமோபாலிமர் மட்டும் போய்விடும்.

பாலிஅக்ரிலமைடுக்கு ஃபார்மமைடும் அசிட்டிக் அமிலமும் சம அளவு கலந்து எடுங்கள். நன்றாகப் பொடித்த மாதிரியை அதில் போட்டு ஒரு நாள் கலக்கி, வடித்து, புதுக் கரைப்பானில் மறுபடி செய்யுங்கள். எப்போது நிறுத்துவது? வடித்த திரவத்தில் சில சொட்டு எடுத்து அசிட்டோனில் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் பாலிமர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கலங்காமல் ஆகும் வரை தொடர வேண்டும். ஃபார்மமைடு கருவுக்குக் கேடு செய்யும் பொருள். கையுறையும் புகைப்பெட்டியும் கட்டாயம்.

பக்கத்திலேயே ஒரு ஒப்பீட்டு மாதிரியும் வையுங்கள்: கூழாக்கிய ஸ்டார்ச், தனியாகத் தயாரித்த பாலிஅக்ரிலமைடு, இரண்டையும் தண்ணீரில் கலந்து அசிட்டோனில் வீழ்த்தி உலர்த்தியது. அதிலிருந்து பாலிஅக்ரிலமைடு முழுக்க வெளியே வர வேண்டும். வராவிட்டால் உங்கள் முறை பிரிக்கவில்லை என்று பொருள். ஒட்டு மாதிரியில் மிஞ்சியதை ஒட்டு என்று சொல்ல முடியாது.

பசைவாளி | ஜூலை 8, காலை 6.50

மேலே சொன்ன ஒப்பீட்டில் ஒரு ஓட்டை. தனியாகத் தயாரிக்கும் பாலிஅக்ரிலமைடு குட்டைச் சங்கிலியாக இருந்தால் சுலபமாகக் கழன்று வந்துவிடும். உலையில் உண்டானது நீளச் சங்கிலியாக ஸ்டார்ச்சோடு பின்னிக் கிடக்கலாம். அதே பர்சல்ஃபேட் அளவு, அதே 70 டிகிரி, அதே மோனோமர் செறிவு, ஸ்டார்ச் மட்டும் இல்லாமல் செய்ததைத்தான் கலக்க வேண்டும்.

சீரியம்58 | ஜூலை 8, காலை 9.10

சரி. அப்படித்தான் செய்ய வேண்டும்.

என் பத்து நிமிட யோசனையையும் திருத்த வேண்டியிருக்கிறது. பர்சல்ஃபேட்டின் அரை ஆயுள் 80 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம், 60-இல் ஒரு நாளுக்கும் மேல். 70-இல் பத்து நிமிடத்தில் உடைவது சொற்பம். உடைந்து ஸ்டார்ச்சில் உண்டான ரேடிக்கலும் மோனோமர் வரும் வரை காத்திருக்காது. ஆக்சிஜனோடோ இன்னொரு ரேடிக்கலோடோ சேர்ந்து கணத்தில் அழிந்துவிடும். நடுவில் ஸ்டார்ச் சங்கிலி அறுபடவும் செய்யும். அந்தப் பத்து நிமிடத்தில் கூழில் எஞ்சிய ஆக்சிஜன் கொஞ்சம் தீரும், பலன் அவ்வளவுதான். எஃபிஷியன்சியை உண்மையில் தூக்குவது மோனோமரைச் சொட்டாக விடுவது.

சொட்டாக விட இன்னொரு காரணமும் உண்டு. அக்ரிலமைடு பாலிமராகும்போது மோலுக்கு 80 கிலோஜூலை ஒட்டி வெப்பம் வெளிவிடும். 15 கிராம் என்றால் 0.21 மோல், 17 கிலோஜூல். 175 கிராம் கலவையை அது சுமார் 25 டிகிரி ஏற்றிவிடும். 70-இல் தொடங்கியது 95-ஐத் தொடும். உங்கள் கலவை நடுவில் கெட்டிப்பட்டு, கலக்கியைச் சுற்றி உருண்டையாகச் சேர்ந்து, அந்த உருண்டை மட்டும் கம்பியோடு சுழல, சுவரோரம் அசையாமல் நின்றிருக்குமே? அதன் மையத்தில் சூடு இன்னும் அதிகம். வெப்பமானியை சுவரோரம் வைத்தால் அது தெரியாது.

கஞ்சித்தொட்டி | ஜூலை 10, மாலை 6.30

உருண்டை அப்படியேதான் சுழன்றது. மாற்றாமல் பழைய மாதிரியையே முதலில் பிரித்தேன். மூன்று முறை வடித்த பிறகு அசிட்டோன் கலங்கவில்லை. மிஞ்சியது 14.3 கிராம். 8.8 போக ஒட்டியது 5.5. கிராஃப்டிங் 62.5, ஆட்-ஆன் 38.5, எஃபிஷியன்சி 42. ஒப்பீட்டு மாதிரியில் பாலிஅக்ரிலமைடு முழுக்க வந்துவிட்டது, ஆனால் ஸ்டார்ச்சும் கொஞ்சம் எடை குறைந்தது.

பசைவாளி | ஜூலை 10, இரவு 7.45

140-இலிருந்து 62.5. ஆனால் அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். கூழான ஸ்டார்ச்சும் ஃபார்மமைடில் ஓரளவு கரையும், முக்கியமாக அதன் நேர்ச்சங்கிலிப் பகுதியான அமைலோஸ். வடித்த திரவத்தை அசிட்டோனில் வீழ்த்தி, அந்த வீழ்படிவை உலர்த்தி, தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலமானால் ஸ்டார்ச்.

கஞ்சித்தொட்டி | ஜூலை 11, காலை 10.15

நீலம். லேசாக இல்லை, நன்றாகவே.

சீரியம்58 | ஜூலை 11, காலை 11.00

அப்படியானால் எடையை வைத்துக் கழிப்பதே தப்பு. மிஞ்சிய 14.3 கிராமில் ஸ்டார்ச் 8.8 இல்லை. நைட்ரஜனை அளந்துவிடுங்கள், அதற்கான கெல்டால் முறை போதும். பாலிஅக்ரிலமைடில் நைட்ரஜன் 71-க்கு 14, அதாவது 19.7 சதவீதம். ஸ்டார்ச்சின் சொந்த நைட்ரஜன் மிகக் குறைவு, ஆனாலும் வெறும் ஸ்டார்ச்சையும் ஒன்று ஓட்டிக் கழித்துவிடுங்கள். மாதிரி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் நைட்ரஜன் குறைத்துக் காட்டும்.

கஞ்சித்தொட்டி | ஜூலை 13, பகல் 1.20

நைட்ரஜன் 8.3. ஆக பாலிஅக்ரிலமைடு 42 சதவீதம், அதாவது 6.0 கிராம். ஸ்டார்ச் 8.3 கிராம். அரை கிராம் ஸ்டார்ச் கரைந்து போயிருக்கிறது. எஃபிஷியன்சி 46.

சீரியம்58 | ஜூலை 13, பகல் 2.10

இந்த எண்ணை நம்பலாம். உண்டான பாலிமரில் பாதிக்கு மேல் ஸ்டார்ச்சைத் தொடவே இல்லை.

கரைந்து போன அந்த அரை கிராமை நஷ்டமாகப் பார்க்காதீர்கள், அதில் ஒரு தகவல் இருக்கிறது. ஒட்டே ஏறாத ஸ்டார்ச் மூலக்கூறுகள் நிறைய உண்டு, அவற்றில் ஒரு பகுதிதான் அது. எவ்வளவு என்று தோராயமாகப் பார்க்க ஒட்டின் நீளம் வேண்டும். அதற்கு ஸ்டார்ச்சைத் தின்னவிட்டு ஒட்டிய பாலிமர் கிளையை மட்டும் எடுக்க வேண்டும். பாலிஅக்ரிலோநைட்ரைல் ஒட்டுக்கு 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும். அக்ரிலமைடில் அமிலம் வேண்டாம், அமைடு கார்பாக்சிலாக மாறிவிடும். என்சைம்தான் வழி: வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ், பிஹெச் 6, 95 டிகிரி, ஒரு மணி நேரம். பிறகு பிஹெச் 4.5, 60 டிகிரி, அமைலோகுளுக்கோசிடேஸ், ஒரு ராத்திரி. மெத்தனாலில் வீழ்த்தினால் கிளை வரும், அடியில் சில குளுக்கோஸ் அலகுகளோடு. ஒட்டுதான் என்பதற்கு அந்த அடிக்கட்டை நல்ல சான்று.

கிளையின் எண்சராசரி மூலக்கூறு எடை 2 லட்சம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அதை குளுக்கோஸ் அலகின் எடையான 162-ஆல் வகுத்து, ஸ்டார்ச் பங்கையும் பாலிமர் பங்கையும் வைத்துப் பெருக்குங்கள்: 1235 × 58 ÷ 42, சுமார் 1700. அதாவது 1700 குளுக்கோஸ் அலகுக்கு ஒரு கிளை. மக்காச்சோள அமைலோஸின் சராசரி நீளமே ஆயிரத்தை ஒட்டித்தான். பெரும்பாலான அமைலோஸ் சங்கிலிக்கு ஒரு கிளைகூட இல்லை. ஸ்டார்ச்சின் இன்னொரு பகுதியான அமைலோபெக்டின் பிரம்மாண்டமானது, ஒவ்வொன்றிலும் பல கிளைகள் இருக்கும்.

பசைவாளி | ஜூலை 14, காலை 8.00

சீரிக் ஓட்டுவதானால் இதோ. உலர் கணக்கில் 8.8 கிராம் ஸ்டார்ச் 0.054 மோல் குளுக்கோஸ் அலகு. நூறு அலகுக்கு ஒரு சீரியம் என்றால் சீரிக் அமோனியம் நைட்ரேட் 0.3 கிராம். 1 நார்மல் நைட்ரிக் அமிலம் 3 மி.லி.யில் கரைத்து வையுங்கள். கூழாக்கி, 25 முதல் 30 டிகிரிக்கு ஆறவிட்டு, மோனோமரைப் போட்டு, நைட்ரஜனை அரை மணி நேரமாவது குமிழவிட்டு, கடைசியில் சீரிக். மோனோமருக்கு முன்னால் சீரிக்கைப் போட்டால் அது ஸ்டார்ச்சை ஆக்சிஜனேற்றம் செய்து தீர்ந்துவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைடை சீரிக் தின்னும். கந்தக அமிலமும் வேண்டாம், சல்ஃபேட் சீரிக்கைக் கட்டிப்போட்டு வேகத்தைக் குறைக்கும். அமிலமே இல்லாவிட்டால் சீரியம் நீராற்பகுப்பில் கலங்கி வீணாகும்.

ஊற்றியதும் கூழ் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பிறகு மெல்ல வெளிறும். மஞ்சள் வெளிறியும் கூழ் தடிக்கவில்லை என்றால் சீரிக் வேலை செய்திருக்கிறது, ரேடிக்கலை ஆக்சிஜன் தின்றிருக்கிறது. குழாயை அடிவரை இறக்குங்கள். தடித்த கூழில் மேலே விடும் நைட்ரஜன் உள்ளே போகாது.

சீரியம்58 | ஜூலை 14, காலை 9.30

நிறம் என்றதும் பாலிஅக்ரிலோநைட்ரைல் ஒட்டு நினைவுக்கு வருகிறது. 1970-களில் அமெரிக்காவின் பியோரியாவில் வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் ஃபாண்டா, டோன், வீவர், பேக்லி குழு செய்த 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்ற நீருறிஞ்சி இதுதான். ஒட்டை எரிசோடாவில் வேகவைப்பார்கள். 10 கிராம் ஒட்டில் பாலிமர் 55 சதவீதம் என்றால் நைட்ரைல் 0.104 மோல். 0.7 நார்மல் சோடா 140 மி.லி., 95 டிகிரி. வெளிர் மஞ்சள் கலவை ஆரஞ்சாகி, செங்கல் சிவப்பாகி, கெட்டிப்படும். நைட்ரைல்கள் பக்கத்தில் பக்கத்தில் கோத்துக்கொண்டு இரட்டைப் பிணைப்பு வரிசையாக நிற்பதால் அந்த நிறம். அது மீண்டும் வெளிர் மஞ்சளாகும் வரை அடுப்பை அணைக்கக் கூடாது. சிவப்பில் நிறுத்தினால் பாதி வெந்தது, உறிஞ்சாது. அம்மோனியா மூக்கைத் துளைக்கும்.

அக்ரிலோநைட்ரைல் 77 டிகிரியில் கொதிக்கும், நச்சு, புற்றுநோய் வருவிக்கும். நைட்ரைல் ரப்பர் கையுறை அதைத் தடுக்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

வெந்து வடித்த பொருள் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தூய நீரை உறிஞ்சும். 0.9 சதவீத உப்பு நீரில் அது பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கால்சியம் இருந்தால் இன்னும் மோசம்.

கஞ்சித்தொட்டி | ஜூலை 18, இரவு 9.00

சீரிக் முடிந்தது. அதே 8.8 கிராம், அதே 15 கிராம், 28 டிகிரி, மூன்று மணி நேரம். உலர்ந்த மொத்தம் 18.4. பாலிமர் 9.6, கன்வர்ஷன் 64. பிரித்த பிறகு 16.9. ஆனால் நைட்ரஜன் 10.1 வருகிறது. கணக்குப் போட்டால் ஸ்டார்ச் 8.2 கிராம்தான் மிஞ்சுகிறது, ஆனால் அயோடினில் நீலம் வரவே இல்லை. பிஹெச் 8-க்கு ஏற்றியதும் மஞ்சளாகவும் ஆகிவிட்டது.

பசைவாளி | ஜூலை 18, இரவு 9.35

கூடுதல் நைட்ரஜன், வினையைத் தொடங்கிவைத்த சீரிக் அமோனியம் நைட்ரேட்டின் அம்மோனியமும், கூடவே ஃபார்மமைடின் மிச்சமும். தண்ணீரில் கரைத்து எத்தனாலில் மூன்று முறை வீழ்த்துங்கள். மஞ்சள் சீரியம்: வெளிறிய சீரியம் காரத்தில் காற்றுப் பட்டு மறுபடி மஞ்சள் ஹைட்ராக்சைடு ஆகிறது. அமிலமாக இருக்கும்போதே கழுவி எடுத்துவிட்டு, அதன் பிறகு நடுநிலைப்படுத்துங்கள்.

கஞ்சித்தொட்டி | ஜூலை 21, மாலை 5.50

கழுவிய பிறகு நைட்ரஜன் 9.6. ஒட்டியது 8.2 கிராம், ஸ்டார்ச் 8.7. எஃபிஷியன்சி 86. கன்வர்ஷன் குறைந்தும் ஒட்டு அதிகம். இதைக் கலங்கல் நீர் தெளியவைக்கப் பார்க்கிறேன். இன்னும் சீரிக்கைக் கூட்டலாமா?

சீரியம்58 | ஜூலை 21, இரவு 8.15

கூட்டாதீர்கள், குறையுங்கள். சீரிக் அதிகமானால் கிளைகள் அதிகம், ஒவ்வொன்றும் குட்டை. வளரும் சங்கிலியின் முனையையும் சீரிக் ஆக்சிஜனேற்றம் செய்து நிறுத்திவிடும். கலங்கலைத் திரட்ட நீளக் கை வேண்டும், ஒரு துகளில் ஒட்டிக்கொண்டு அடுத்த துகளை எட்டிப் பிடிக்கிற கை. குறைவான, நீளமான கிளைகள்தான் நன்றாகத் திரட்டும். அடுத்த ஓட்டத்தில் 0.1 கிராம் போடுங்கள். ரேடிக்கல் குறைவதால் கொஞ்ச ஆக்சிஜனே ஆட்டத்தைக் கெடுத்துவிடும், நைட்ரஜனை ஒரு மணி நேரமாக்குங்கள்.

திரட்டிப் பார்க்கும் முன் எஞ்சிய மோனோமரை எடுத்துவிடுங்கள். அக்ரிலமைடு நரம்பு நச்சு. மெத்தனாலில் மோனோமர் கரையும், பாலிமர் கரையாது. மாதிரியை நீரில் கரைத்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை ஸ்டார்ச்சைத் தின்று பிசுக்குமையைக் குறைத்துவிடும். அன்றன்றைக்குக் கரைத்து அன்றன்றைக்குப் பயன்படுத்துங்கள்.